சீனாவில் ஜவுளி மேற்படிப்பு: எந்தத் தரவரிசையை நம்புவது?

கேள்வி: நான் கோவையில் பி.டெக். டெக்ஸ்டைல் டெக்னாலஜி கடைசி வருடம் படிக்கிறேன். அப்பா திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறார். சீனாவில் முதுகலை முடித்துவிட்டு வந்து அப்பாவோடு தொழிலைப் பார்க்க ஆசை. சீனியர் ஒருவர் ஷாங்காயில் இருக்கும் தோங்ஹுவா பல்கலைக்கழகத்தைச் சொன்னார். ஏஜென்ட்டோ, "அது பட்டியலில் ரொம்பப் பின்னால் இருக்கிறது. க்யூ.எஸ். முதல் ஐம்பதுக்குள் ஒன்றை எடு, மெட்டீரியல்ஸ் சயின்ஸில் முயற்சி செய்யலாம்" என்கிறார். மாமாவும் "அவ்வளவு தூரம் போறவ பேர் தெரிஞ்ச இடமாப் போ" என்கிறார். க்யூ.எஸ்., டைம்ஸ், ஷாங்காய் என்று மூன்று தரவரிசைகளையும் எக்செலில் போட்டுப் பார்த்தேன். ஒரே பல்கலைக்கழகம் மூன்றிலும் மூன்று இடத்தில் இருக்கிறது. எதை நம்புவது?
(திருப்பூர் வாசகி ஒருவர்)

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தில் "அப்பாவோடு தொழிலைப் பார்க்க ஆசை" என்று ஒரு வரி இருக்கிறது. ஏஜென்ட்டிடம் மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் நகல் எல்லாம் கொடுத்திருப்பாய். இந்த வரியைச் சொன்னாயா? சொல்லியிருந்தால் அவர் மெட்டீரியல்ஸ் சயின்ஸைக் கை காட்டியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். என் பதில் முழுக்க அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் பின்னால் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தோங்ஹுவாவை விடாதே. அது மட்டும் போதும் என்றும் இருந்துவிடாதே. உன் எக்செலில் இல்லாத சில பெயர்களைக் கீழே சொல்கிறேன், அவற்றையும் சேர்த்துக்கொள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். மூன்று பட்டியலில் மூன்று இடம் வருவது, மூன்றும் மூன்று வேறு விஷயங்களை அளப்பதால்தான். ஹெஃபெய் நகரில் இருக்கும் சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள். 2025 பதிப்பில் க்யூ.எஸ். அதற்குக் கொடுத்த இடம் 133. அதே ஆண்டு டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் பட்டியலில் அது ஐம்பதுகளில் இருந்தது. சீனாவில் இயற்பியல் படிக்கும் யாரிடம் கேட்டாலும் நாட்டின் தலைசிறந்த இடங்களில் ஒன்று என்பார்கள். அப்படியிருக்க எண்பது இடம் எங்கே போனது? க்யூ.எஸ். மதிப்பெண்ணில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு கருத்துக் கேட்பில் வருகிறது. 2024 பதிப்பிலிருந்து, உலகெங்கும் உள்ள கல்வியாளர்கள் "எது நல்ல பல்கலைக்கழகம்" என்று சொல்வதற்கு நூற்றுக்கு 30, வேலை கொடுப்பவர்கள் சொல்வதற்கு 15. வெளிநாட்டு ஆசிரியர், மாணவர் எண்ணிக்கைக்கு இன்னொரு 10. ஷாங்காய், பெய்ஜிங் போல உலகம் வந்துபோகிற ஊர் இல்லை ஹெஃபெய். வெளியூர்க்காரர் வாயில் அந்தப் பெயர் வருவதும் குறைவு. ஆய்வுக்கூடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் கணக்கில் அது அடிபட்டுத்தான் போகும்.

இதே க்யூ.எஸ். பட்டியலில் ஃபூடான் பல்கலைக்கழகம் 2024 பதிப்பில் 50, 2025-இல் 39, 2026-இல் 30. இரண்டு பதிப்புகளில் இருபது இடம் முன்னேற்றம். ஒரு மாணவி அங்கே சேர்ந்து படித்து வெளியே வரும் காலத்தைவிடக் குறைவான காலத்தில் வகுப்பறைக்குள் அவ்வளவு மாறியிருக்குமா? இப்படி ஆடுகிற ஒரு எண்ணை வைத்து மூன்று வருட வாழ்க்கையைத் தீர்மானிக்காதே என்பதற்காகச் சொல்கிறேன்.

ஷாங்காய் பட்டியலின் கதை இன்னும் முக்கியம், ஏனென்றால் அது சீனாவிலேயே பிறந்தது. 2003-இல் ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகத்தில் லியூ நியான்சாய் என்ற பேராசிரியரின் குழு அதை வெளியிட்டது. வேதியியல் பொறியியல் பின்னணி உள்ளவர். சீனப் பல்கலைக்கழகங்கள் உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்களிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அளக்க அவர்களுக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. மாணவர்கள் படிக்க இடம் தேடுவதற்காக அதை யாரும் உருவாக்கவில்லை. அதில் எதற்கு மதிப்பெண் என்று பார்: பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் வாங்கிய நோபல் பரிசு, ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கு மட்டும் 30. அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்களுக்கு 20. நேச்சர், சயின்ஸ் இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு 20. மொத்தக் கட்டுரை எண்ணிக்கைக்கு 20. இவற்றை ஆசிரியர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவதற்கு 10. பாடம் எப்படி நடக்கிறது, முதுகலை மாணவிக்கு இயந்திரத்தில் கை வைக்கக் கிடைக்கிறதா, பக்கத்தில் ஆலை இருக்கிறதா என்பதற்கெல்லாம் நேரடியாக ஒரு மதிப்பெண்ணும் கிடையாது.

மொத்தக் கட்டுரை எண்ணிக்கை என்றேனே, அதற்குள் ஒரு விஷயம் இருக்கிறது. ஹாங்ஜோவின் செஜியாங் பல்கலைக்கழகம் உன் எக்செலில் மேலே இருக்கும். 1998-இல் அந்த ஊரின் நான்கு பல்கலைக்கழகங்களை ஒன்றாகச் சேர்த்து இன்றைய செஜியாங் பல்கலைக்கழகத்தை உருவாக்கினார்கள். அதில் ஒன்று வேளாண் பல்கலைக்கழகம், இன்னொன்று மருத்துவப் பல்கலைக்கழகம். அங்கே மருத்துவமனையில் ஒரு டாக்டர் எழுதும் கட்டுரையும் அதன் இடத்தை உயர்த்துகிறது. நல்ல பல்கலைக்கழகம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த டாக்டரின் கட்டுரைக்கும் உன் அப்பாவின் சாயத்தொட்டிக்கும் என்ன சம்பந்தம்?

ஜவுளி ஏன் இந்தப் பட்டியல்களில் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. இதை யாரும் மாணவர்களுக்கு விளக்குவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 1950-களின் தொடக்கத்தில், குறிப்பாக 1952-இல், சீனா சோவியத் முறையைப் பார்த்துத் தன் உயர்கல்வியைப் பிரித்து அடுக்கியது. எல்லாப் பாடமும் இருந்த பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்து துறைகளைப் பிய்த்தெடுத்து, தொழிலுக்கு ஒரு கல்லூரி என்று வைத்தார்கள். ரயில்வேக்கு ஒன்று, தபால் தந்திக்கு ஒன்று, பெட்ரோலியத்துக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று. பெய்ஜிங்கின் பெரிய பெயரான சிங்ஹுவா பல்கலைக்கழகமே தன் கலை, அறிவியல் துறைகளை இழந்து வெறும் பொறியியல் கல்லூரியாக ஆனது. அந்த அலையில் 1951-இல் ஷாங்காயில் உருவானதுதான் கிழக்குச் சீன ஜவுளிக் கல்லூரி. 1985-இல் அது சீன ஜவுளிப் பல்கலைக்கழகம் ஆனது. 1999-இல் பெயர் மாறித் தோங்ஹுவா ஆனது. ஜவுளி என்ற சொல் பெயரிலிருந்து போய்விட்டது, தறியும் சாயமும் உள்ளேயே இருக்கின்றன.

அதாவது சீனாவில் ஜவுளி அறிவு பெரிய பெயர்களிடம் போய்ச் சேரவில்லை. பீக்கிங் பல்கலைக்கழகத்தில் ஜவுளிப் பொறியியல் துறை கிடையாது. உலகத் தரவரிசைகளோ மருத்துவம், இயற்பியல், பொருளாதாரம் என்று எல்லாம் சேர்ந்த பெரிய பல்கலைக்கழகத்துக்கே சாதகமானவை. ஒரே தொழிலில் எழுபது வருடம் உழைத்த இடம் அதில் நடுவிலோ கடைசியிலோதான் நிற்கும். "அப்படியானால் பாடவாரித் தரவரிசையைப் பார்க்கலாமே" என்று நீ கேட்கலாம். பார்த்திருப்பாய் என்றே நினைக்கிறேன். க்யூ.எஸ். பாடப் பட்டியலில் பெட்ரோலியப் பொறியியல் இருக்கிறது, சுரங்கப் பொறியியல் இருக்கிறது, ஜவுளி இல்லை. ஏஜென்ட் உன்னை மெட்டீரியல்ஸ் சயின்ஸுக்குத் தள்ளியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பட்டியலில் கட்டம் இல்லாத படிப்பை அவரால் எண் சொல்லி விற்க முடியாது.

மெட்டீரியல்ஸ் சயின்ஸ் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு கரூர்ப் பையன். வீட்டில் மேசை விரிப்பு, திரைச்சீலை நெய்து ஏற்றுமதி. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிது. நானும் அன்று பட்டியலைப் பார்த்துத்தான் ஆலோசனை சொன்னேன். மிகப் பெரிய பெயருள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் மெட்டீரியல்ஸ் துறையில் இடமும் உதவித்தொகையும் கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். போய்ச் சேர்ந்ததும் அவனுக்கு வாய்த்த பேராசிரியர் லித்தியம் பேட்டரியில் ஆய்வு செய்பவர். மூன்று வருடம் பேட்டரி மின்முனை செய்துவிட்டு வந்தான். நல்ல வேலையில்தான் இருக்கிறான். ஆனால் அவன் அப்பா என் அலுவலகத்துக்கு வந்து, "நாங்க துணி படிக்கத்தானே அனுப்பினோம்?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு நான் எந்த மாணவருக்கும் முதலில் பட்டியலைக் காட்டுவதில்லை. "திரும்பி வந்து எந்தக் கதவைத் திறக்கப் போகிறாய்" என்று கேட்பதிலிருந்துதான் தொடங்குகிறேன்.

நீ திறக்கப் போவது திருப்பூர்ச் சாயப்பட்டறையின் கதவு. அந்தப் பட்டறையின் கஷ்டம் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டபோது நீ சின்னப் பிள்ளை. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டை வீட்டில் பேசக் கேட்டிருப்பாய். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, அப்படியே கழிவுநீரில் வருகிறது. பொது சுத்திகரிப்பு நிலையம் ஆர்.ஓ. சவ்வு வழியாகத் தண்ணீரை மீட்கிறது. மிஞ்சும் உப்புக் கரைசலை இவாப்பரேட்டரில் (நீரை ஆவியாக்கும் கருவி) காய்ச்ச வேண்டியிருக்கிறது. கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஒரு கிலோ துணிக்கு அப்பா கொடுக்கும் சுத்திகரிப்புச் செலவு எல்லாம் இந்த வழியில்தான் போகிறது. சீனாவில் நீ தேட வேண்டியது, இந்தச் சங்கிலியின் ஏதாவது ஒரு கண்ணியில் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தை.

சாயத்தைத் துணியில் ஏற்றும் முறையை மாற்ற வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்றால் தோங்ஹுவாதான் முதல் பெயர். ஜவுளிச் சாயமேற்றலுக்கும் பதனிடலுக்கும் தேசியப் பொறியியல் ஆய்வு மையம் அங்கேதான் இருக்கிறது. வூசி நகரின் ஜியாங்னான் பல்கலைக்கழகத்திலும் சூழலுக்கு இசைந்த ஜவுளிக்கென்று கல்வி அமைச்சகத்தின் சிறப்பு ஆய்வகம் ஒன்று உண்டு. ஹாங்ஜோவில் செஜியாங் சை-டெக் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1897-இல் பட்டுப்புழு வளர்ப்புப் பள்ளியாகத் தொடங்கியது அது. பக்கத்து ஷாவோசிங்கில் கேச்சியாவ் துணிச்சந்தை. உலகத்தின் மிகப் பெரிய துணிச்சந்தைகளில் ஒன்று. ஒரு சனிக்கிழமை அங்கே சுற்றினால் வகுப்பில் ஒரு மாதம் கற்பதைக் கற்றுவிடலாம்.

சாயத்தின் மூலக்கூறே உன் ஆர்வம் என்றால், அது ஜவுளித் துறையில் இருக்காது, வேதியியலில் இருக்கும். தாலியான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நுண்வேதிப்பொருள் அரசு முதன்மை ஆய்வகம் சாயப்பொருளுக்குப் பேர்போனது. ஷாங்காயில் கிழக்குச் சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அந்த வழியில் வந்ததே.

தண்ணீர்தான் உன் பிரச்சினை என்றால் நான் முதலில் சொல்லும் பெயர் உன் எக்செலில் இருக்கவே இருக்காது. தியான்ஜின் நகரின் தியாங்கோங் பல்கலைக்கழகம். பழைய பெயர் தியான்ஜின் பாலிடெக்னிக். உலகப் பட்டியல்களை வைத்துப் பார்த்தால் ஏஜென்ட்டுகள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பிரிப்புச் சவ்வுகளுக்கான அரசு முதன்மை ஆய்வகம் அங்கே இருக்கிறது. திருப்பூரின் சுத்திகரிப்பு நிலையங்களில் ஓடுகிற சவ்வு இருக்கிறதே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பொருள். இழை நூற்கிற அறிவையும் சவ்வு செய்கிற அறிவையும் ஒரே வளாகத்தில் வைத்திருக்கும் இடம். சாயப்பட்டறைக்காரர் மகளுக்கு இதைவிடப் பொருத்தமான சேர்க்கை எனக்குத் தெரிந்து அங்கே இல்லை.

இவை நான் சொல்லும் பெயர்கள். இவற்றைச் சரிபார்க்க சீன அரசே இரண்டு கருவிகள் வைத்திருக்கிறது. கல்வி அமைச்சகம் ஒவ்வொரு பாடமாகப் பல்கலைக்கழகங்களை மதிப்பிடுகிறது. 2017 டிசம்பரில் வெளியான நான்காவது சுற்றில் ஜவுளி அறிவியலுக்கும் பொறியியலுக்கும் மிக உயர்ந்த ஏ பிளஸ் பெற்றவை இரண்டே: தோங்ஹுவா, தியாங்கோங். ஐந்தாவது சுற்றின் முடிவை அவர்கள் பொதுவில் வெளியிடவில்லை. அதனால் இது கொஞ்சம் பழைய தகவல் என்பதை நினைவில் வைத்துக்கொள். இரண்டாவது, "ஷ்வாங் யீ லியூ" எனப்படும் இரட்டை முதல்தரத் திட்டம். 2017-இல் முதல் பட்டியல், 2022 பிப்ரவரியில் 147 பல்கலைக்கழகங்களோடு இரண்டாவது பட்டியல். எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடத்துக்கு அரசு பணம் போடுகிறது என்று அதில் பாடத்தின் பெயரோடு இருக்கும். தோங்ஹுவாவுக்கும் தியாங்கோங்குக்கும் நேராக ஜவுளி என்றே எழுதியிருக்கிறது. யாருக்கு எத்தனாவது இடம் என்ற எண் அதில் இல்லை. பீக்கிங்கும் சிங்ஹுவாவும் மட்டும் தங்கள் பாடங்களைத் தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். சீனப் பெற்றோர் தங்கள் பிள்ளைக்குக் கல்லூரி தேடும்போது இதையும், அரசு முன்பு தேர்ந்தெடுத்து ஊக்கம் கொடுத்த பல்கலைக்கழகங்களின் 985, 211 என்ற பழைய பட்டியல்களையும், அந்தந்த மாகாணத்தின் கட்-ஆஃப் மதிப்பெண்ணையும்தான் பார்க்கிறார்கள்.

சீனப் பல்கலைக்கழகங்களே இந்த உலகப் பட்டியல்களை எப்படிப் பார்க்கின்றன என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். 2022-இல் ரென்மின், நான்ஜிங், லான்ஜோ ஆகிய மூன்றும் உலகத் தரவரிசைகளில் இனி பங்கெடுப்பதில்லை என்று முடிவு செய்தன. மூன்றுமே பெரிய பெயர்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2020 பிப்ரவரியில், கல்வி அமைச்சகமும் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகமும் கட்டுரை எண்ணிக்கையை வைத்து ஆளை எடைபோடுவதைக் குறைக்கச் சொல்லி உத்தரவு போட்டன. நம் ஊரிலும் நடந்ததுதான். 2020-இல் சென்னை ஐ.ஐ.டி. உட்பட ஏழு ஐ.ஐ.டி.க்கள் டைம்ஸ் பட்டியலில் கலந்துகொள்வதில்லை என்று அறிவித்தன. உன் மாமா அதற்காக சென்னை ஐ.ஐ.டி.யை மட்டமாக நினைத்தாரா என்று கேட்டுப் பார்.

இவ்வளவு சொன்னதால் தரவரிசை எதற்குமே உதவாது என்று எடுத்துக்கொள்ளாதே. அது உண்மையிலேயே எண்ணாகப் பயன்படும் இடங்கள் உண்டு. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி, க்யூ.எஸ்., டைம்ஸ், ஷாங்காய் மூன்றில் ஏதாவது ஒன்றில் முதல் 500-க்குள் வந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் நேராக உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி பெறலாம். நாளைக்கு மனம் மாறி, பி.எச்.டி. செய்து கல்லூரியில் பாடம் எடுக்கப் போகிறேன் என்றால் இது உனக்கு முக்கியம். அதேபோல, 2022-இல் பிரிட்டன் தொடங்கிய உயர் திறனாளர் விசா இந்த மூன்று பட்டியல்களையும் வைத்துத்தான் தகுதியுள்ள பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுக்கிறது. அங்கே போய் வேலை தேடும் எண்ணம் இருந்தால் மேல் வரிசைப் பெயர் கைகொடுக்கும். ஆனால் நீ எழுதியது வேறு. முதுகலைப் பட்டத்தை இந்தியாவில் சமமாக ஏற்பதற்குத் தரவரிசை நிபந்தனை இல்லை. அந்த நாட்டு அரசு அங்கீகரித்த நிறுவனமா, நேரில் போய் முழுநேரம் படித்தாயா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

மாமாவின் பேச்சிலும் ஒரு நியாயம் இருக்கிறது. தெரியாத பெயர் என்றால் ஏமாற்று இடமாக இருக்குமோ என்று பயப்படுகிறார். பெயரில் ஏமாறுவது சீனாவில் எளிதுதான். செஜியாங் பல்கலைக்கழகம் வேறு, செஜியாங் சை-டெக் வேறு, செஜியாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வேறு, செஜியாங் நார்மல் வேறு. ஆங்கிலப் பெயரை நம்பாதே. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் அரசு கொடுத்த ஐந்து இலக்க எண் இருக்கிறது. பீக்கிங்குக்கு 10001, சிங்ஹுவாவுக்கு 10003, தோங்ஹுவாவுக்கு 10255. ஏஜென்ட் கொடுக்கும் தாளில் இந்த எண்ணைக் கேள். எண்ணைச் சொல்லத் தயங்குகிறவரிடம் பணம் கட்டாதே.

இதைப் படிப்பவர்களில் பலர் பிள்ளையைச் சீனாவுக்கு எம்.பி.பி.எஸ். அனுப்ப நினைப்பவர்களாக இருப்பீர்கள். உங்களுக்கு இரண்டு வரி. மருத்துவத்துக்குத் தரவரிசை இன்னும் குறைவாகத்தான் உதவும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, ஆங்கிலவழிக் கல்வி, அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்கும் தகுதி. 2015 முதல் 2021 வரை சீனாவில் படித்துவிட்டு இந்தியத் தகுதித் தேர்வு எழுதியவர்களில் தேறியவர்கள் நூற்றுக்கு 16 பேர்தான் என்று பெய்ஜிங்கில் உள்ள நம் தூதரகமே அறிவித்தது. அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

மகளே, இனி உனக்கு நிஜமாகவே வித்தியாசம் செய்யப்போகும் இரண்டு விஷயங்கள்: பேராசிரியர், மொழி.

சீனாவில் முதுகலை மாணவிக்குத் "தாவ்ஷி" என்று ஒரு வழிகாட்டி இருப்பார். நம் ஊர் எம்.டெக். கைடு போல வருடத்துக்கு இரண்டு கையெழுத்தோடு முடியாது. நீ என்ன ஆய்வு செய்வாய், எந்த ஆலைக்குப் போவாய், எப்போது பட்டம் பெறுவாய் எல்லாம் அவர் கையில். பொறியியல் முதுகலை பெரும்பாலும் இரண்டரை, மூன்று வருடம் எடுக்கும். பட்டம் வாங்க ஆய்வுக்கட்டுரை வெளியாகியே ஆக வேண்டும் என்று கேட்கும் ஆய்வகங்களும் உண்டு, கேட்காதவையும் உண்டு. சேருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள். அவர் கடைசி மூன்று நான்கு வருடத்தில் எழுதியதைத் தேடிப் படி. பருத்தி, ரியாக்டிவ் சாயம், உப்பில்லாச் சாயமேற்றல், கழிவுநீர், சவ்வு என்ற சொற்கள் வருகின்றனவா? அல்லது முழுக்க உடலில் ஒட்டும் சென்சார், மின்னும் இழை என்று இருக்கிறதா? பின்னது அருமையான ஆய்வாக இருக்கலாம். ஃபூடானில் பாலிமர் துறையைச் சேர்ந்தவர்கள் துணியையே திரையாக்கி 2021-இல் நேச்சரில் வெளியிட்டார்கள். நானும் வியந்து படித்தேன். ஆனால் அப்பாவின் பட்டறைக்கு அது வர இன்னும் காலம் ஆகும். ஆலைகளோடு சேர்ந்து காப்புரிமை வாங்கியிருக்கும் பேராசிரியராகப் பார். அவர்கள் பெயர் உலகத்துக்குத் தெரியாமல் இருக்கும், கேச்சியாவ் சாய ஆலைக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

மொழியை ஏஜென்ட்டுகள் லேசாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆங்கிலவழி வகுப்பில் சேர்ந்தாலும் ஆய்வகத்தில் ரசாயனப் புட்டியின் லேபிள் சீனத்தில் இருக்கும், இயந்திரத்தின் பொத்தானும் சீனத்தில் இருக்கும், குழுவின் வீசாட் பேச்சும் சீனத்தில் ஓடும். ஆலைக்குப் போனால் சாய மாஸ்டர் உன்னோடு ஆங்கிலத்தில் பேச மாட்டார். சீனவழிப் படிப்புக்கு எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வில் நான்காம் நிலையோ ஐந்தாம் நிலையோ கேட்பார்கள். நீ ஆங்கிலவழி எடுத்தாலும் மூன்றாம் நிலையாவது முடித்துக்கொண்டு போ. திருப்பூரிலேயே சீன இயந்திரங்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப்பார், அந்த மொழி திரும்பி வந்த பிறகும் சோறு போடும்.

செலவைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனால் தரவரிசை அங்கேயும் குறுக்கே வருகிறது என்பதால் சொல்கிறேன். சீன அரசு உதவித்தொகை முழுதாகக் கிடைத்தால் கல்விக்கட்டணம், விடுதி, மருத்துவக் காப்பீடு போக முதுகலைக்கு மாதம் 3,000 யுவான். தூதரகம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம், பல்கலைக்கழகம் வழியாக நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். எல்லோரும் பட்டியலின் உச்சியில் இருக்கும் பத்துப் பெயருக்கே அடித்துக்கொள்கிறார்கள். உன் படிப்புக்கும் ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கும் நேரடித் தொடர்பு இருந்து, "இந்த மாணவியை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று அவர் கடிதம் கொடுத்தால், ஜவுளிப் பல்கலைக்கழகத்தில் உன் விண்ணப்பம் முன்னால் நிற்கும். பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரலோடு விண்ணப்பம் முடிந்துவிடும். சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான முத்திரை) மட்டும் போதும் என்று நினைக்காதே. 2023 நவம்பரில் சீனா அந்த ஒப்பந்தத்துக்குள் வந்தாலும், இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே அது நடைமுறைக்கு வரவில்லை. தூதரகச் சான்றொப்பம் என்று யாராவது பணம் கேட்டால், என்ன தேவை என்று சீனத் தூதரகத்திடமே முதலில் கேட்டுக்கொள்.

எக்செலை அழிக்க வேண்டாம். தரவரிசைப் பத்திகளை வலது ஓரத்துக்குத் தள்ளிவிட்டு இடதுபக்கம் புதிதாகப் பேராசிரியர் பெயர், அவருடைய கடைசி ஐந்து கட்டுரைகளின் தலைப்பு, ஆலைத் தொடர்பு, கற்பிக்கும் மொழி, அரை நாளில் போய்வரக்கூடிய சாய ஆலைகள் என்று பத்திகள் போடு. தோங்ஹுவா, தியாங்கோங், ஜியாங்னான், செஜியாங் சை-டெக், தாலியான் ஐந்துக்கும் நிரப்பு. ஏஜென்ட் சொன்ன முதல் ஐம்பதில் ஒன்றையும் அதே வரிசையில் வைத்து நிரப்பு. அதிலும் சாயத்திலோ சவ்விலோ ஆள் கிடைத்தால் தாராளமாகப் போ, எனக்குச் சந்தோஷமே. கட்டங்கள் காலியாகவே கிடந்தால் அந்தத் தாளை மாமாவிடம் காட்டு.

பிறகு நான்கைந்து பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுது. "மதிப்பிற்குரிய பேராசிரியரே, உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் சேர விரும்புகிறேன்" என்று ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். நீ அப்படி எழுதாதே. இந்த ஞாயிறு அப்பாவோடு உட்கார். பட்டறையில் ஒரு கிலோ பனியன் துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் போகிறது, அடர் நிறத்துக்கு ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு போடுகிறார்கள், வெளியேறும் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் அளவு) எவ்வளவு, சுத்திகரிப்புக்கு மாதம் எவ்வளவு கட்டுகிறார் என்று கேட்டு எழுதிக்கொள். அந்த நான்கு எண்களையும் மின்னஞ்சலின் முதல் பத்தியில் வை. கீழே, இதைக் குறைக்கத்தான் உங்கள் ஆய்வகத்துக்கு வர விரும்புகிறேன் என்று எழுது. அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி போடு, மொழியைச் சரிபார்த்துத் தருகிறேன்.